அப்பா நிறுத்திய இடமும் தோழர்கள் நிறுத்திய இடமும்

தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 37. கூட்டுறவு வங்கியில் வேலை. கணவரும் பத்து வயது மகளும் இருக்கிறார்கள். அடுத்த தெருவில் அப்பா, அம்மா. அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 71. வீட்டிலேயே பல ஆண்டுகளாகச் சைவ சித்தாந்த வகுப்பு நடத்துகிறார். வாசகியும் சின்ன வயதில் தேவாரம் ஓதி வளர்ந்தவர்தான். கல்லூரியில் பகுத்தறிவு நூல்கள் அறிமுகமாகி, கடவுள் நம்பிக்கை போய்விட்டது. பதினைந்து ஆண்டுகள் ஊரில் ஒரு வாசிப்பு வட்டத்தில் இருந்தார். கணவரைச் சந்தித்ததும் அங்கேதான்.

சிக்கல் மகளின் பள்ளிக் குறள் போட்டியில் தொடங்கியது. "வள்ளுவர் எந்தச் சாமி கும்பிட்டார்?" என்று குழந்தை கேட்டிருக்கிறாள். தாத்தா 'எண்குணத்தான்' என்ற சொல்லைக் காட்டி, "சிவபெருமானைத்தான். பரிமேலழகரே சைவாகமம் என்று எழுதியிருக்கிறார் பார்" என்றிருக்கிறார். அதே மாதம் வாசிப்பு வட்டத்தில் பேசிய ஒருவர், பரிமேலழகர் தன் கொள்கைக்கு ஒத்துவராத பொருள்களை எல்லாம் மறைத்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். வாசகி வீட்டுக்கு வந்து உரையை எடுத்துப் பார்த்தால், இருவர் சொன்னதும் பாதிதான். வட்டத்தில் அதைச் சொன்னபோது, "அப்பா வளர்ப்பு இன்னும் உன்னை விடவில்லை" என்றார்கள். இரண்டு கூட்டம் கழித்து வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். அப்பாவிடம் சொன்னபோது, "ஆணவ மலம் கண்ணை மறைக்கிறது" என்றார். உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கு என்று சைவ சித்தாந்தம் சொல்வது அது.

அப்புறம் உறுதிப்படுத்தல் சார்பு பற்றி ஒரு கட்டுரை படித்திருக்கிறார். நாம் ஏற்கெனவே நம்புவதற்குத் துணையாக வரும் சான்றுகளையே தேடுவதும், அவற்றையே நினைவில் வைப்பதும், எதிரானவற்றைத் தள்ளிவிடுவதுமான மனப்போக்கு அது. கட்டுரையை அச்செடுத்து அப்பாவின் மேசையில் வைத்தார். அப்பா படித்துவிட்டு, "இது உனக்காக எழுதியது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. மகள் மட்டும் வாரம் இரண்டு நாள் தாத்தாவிடம் தேவாரம் கற்கப் போய்வருகிறாள்.

அவருடைய கேள்விகள் மூன்று. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கும் அப்பாவுக்கு அவருடைய சார்பை எப்படிப் புரியவைப்பது? மகளை அந்த வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிடலாமா? இப்போது எதைப் படித்தாலும் சந்தேகம் வருகிறது, இரவில் தூக்கம் தள்ளிப்போகிறது, இது மனநோயா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடிதத்தில் அதிகம் வலிப்பது அந்த இடம்தான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு நோய் தெரியவில்லை, இழப்புதான் தெரிகிறது. பிறந்த வீட்டின் பேச்சும் பதினைந்து வருட நட்பும் ஓரிரு மாதங்களுக்குள் கையைவிட்டுப் போயிருக்கின்றன. யாருக்கும் தூக்கம் கெடும். ஆனாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன். நாள் முழுக்க மனச்சோர்வு, எதிலும் ஈடுபாடில்லாமை, பசியின்மை, தூக்கமின்மை இவையெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நேரில் பாருங்கள். அதைக் கடிதத்தில் தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது.

சந்தேகம் வருவது பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னதை, அது உங்களுக்குப் பிடித்த முடிவாக இருந்தும், புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தீர்கள். அதை நான் நல்ல குணமாகப் பார்க்கிறேன். அதற்கு நீங்கள் கொடுத்த விலைதான் அதிகம்.

முயலின் நான்காவது கால்

அப்பாவைப் பற்றி எழுதும்போது அந்தப் பழமொழியைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அங்கே ஒரு திருத்தம் தேவை. மூன்றே கால் என்று சாதிக்கிறவருக்கு நான்காவது கால் தெரியும். தெரிந்தும் மறுப்பது பிடிவாதம். உறுதிப்படுத்தல் சார்பு அப்படி வேலை செய்வதில்லை. அதில் சிக்கிய மனிதர் நேர்மையாகத்தான் எண்ணுகிறார். நான்காவது கால் அவர் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் "நீங்கள் மறைக்கிறீர்கள்" என்று அவரிடம் சொன்னால், செய்யாத குற்றத்துக்குத் தண்டனை கிடைத்தவரைப் போல அவர் துடித்துப்போகிறார்.

1960இல் லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்தார். இவை ஒரு விதிக்குப் பொருந்துகின்றன, நீங்களும் எண்களைச் சொல்லிப் பாருங்கள், பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன், விதியைக் கண்டுபிடித்தால் அறிவியுங்கள் என்றார். பலருக்கும் 'இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்' என்று தோன்றியது. 8, 10, 12 என்று கேட்டார்கள். பொருந்தும் என்றார். 20, 22, 24? அதுவும் பொருந்தும். விதி கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள். தவறு. ஏறுவரிசையில் இருக்கும் எந்த மூன்று எண்ணும் பொருந்தும் என்பதுதான் விதி. 29 பேரில் முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர்தான். 1, 2, 3 என்றோ 5, 17, 90 என்றோ ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். ஆனால் 'இல்லை' என்ற பதில் வரும் என்று தாங்கள் நினைக்கும் கேள்வியைக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

அங்கே கடவுள் இல்லை, சாதி இல்லை, அப்பா மகள் சண்டை இல்லை. வெறும் எண்கள். அதிலேயே இப்படியென்றால், பெற்றவர்கள் பாடிய பாட்டும் நாம் நேசிக்கும் கொள்கையும் கலந்த இடத்தில் கேட்கவா வேண்டும்? 'சமயவாதிகளுக்கு இந்தச் சார்பு உண்டு, பகுத்தறிவாளர்களுக்குக் குறைவு' என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி வருகிறது. தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். படிப்பு கூடினால் இது குறைந்துவிடும் என்று நம்புவதற்கும் இடமில்லை. நன்றாகப் படித்தவருக்குத் தன் முடிவுக்கு ஆதரவு திரட்டும் திறமையும் கூடுதலாகத்தான் இருக்கும்.

பெயர் தெரிந்திருப்பதும் காப்பாற்றாது. இதைப் பற்றி வகுப்பெடுக்கிறவள் நான். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா சோர்வு, மறதி, அழுகை என்று என்னிடம் வந்தார். மாமியார் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. துயரத்தால் வந்த மனச்சோர்வு என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். அதன்பின் அவர் சொன்னதெல்லாம் அதற்குப் பொருந்திக்கொண்டே வந்தது. குளிர் தாங்கவில்லை என்றார், எடை கூடிவிட்டது என்றார். அவற்றையும் துயரத்தின் கணக்கில் எழுதினேன். ஏழு வாரம் கழித்து, அவருடைய நாத்தனார்தான் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார். தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. அந்த ஏழு வாரத்தை இன்றும் மறக்கவில்லை. என் அறிவு என்னைத் திருத்தவில்லை. வேறு கோணத்திலிருந்து பார்த்த ஒரு நாத்தனார் திருத்தினார்.

ஒரே பத்தி, இரண்டு நிறுத்தம்

இப்போது நீங்கள் எடுத்துப் பார்த்த உரைக்கு வருவோம். நான் தமிழ்ப் புலவர் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் நானும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் குறளின் எட்டுக் குணங்களைப் பரிமேலழகர் வரிசையாகச் சொல்கிறார். தன்வயத்தன் ஆதல், தூய உடம்பினன் ஆதல் என்று போகும் பட்டியல். முடிவில், இவ்வாறு சைவாகமத்தில் கூறப்பட்டது என்கிறார். உங்கள் அப்பா அங்கே நிறுத்திவிட்டார். அடுத்த வாக்கியத்தில், அணிமா முதலான எட்டு என்று உரைப்பவர்களும் உண்டு, 'கடையிலா அறிவு' முதலான எட்டு என்று உரைப்பவர்களும் உண்டு என்கிறார் பரிமேலழகர். கடைசியில் வருவது சமணர் தங்கள் அருகனுக்குச் சொல்லும் குணங்களை ஒட்டியது. மூன்றாம் குறளிலும் அப்படித்தான். 'மலர்மிசை ஏகினான்' என்பதற்கு, நினைப்பவரின் உள்ளத் தாமரையில் சென்று சேர்கிறவன் என்று தன் பொருளைச் சொல்லிவிட்டு, பூமேல் நடந்தான் என்ற பெயரை வைத்து இதை வேறொரு கடவுளுக்கு ஏற்றுகிறவர்களும் உண்டு என்று எழுதுகிறார். தனக்கு உடன்பாடில்லாத பொருளையும் பதிந்துவைத்திருக்கிறார். அந்த வரிகளை உங்கள் வட்டத்தில் பேசியவர் படிக்கவே இல்லை.

இதை எழுதியவர் வைணவர் என்றுதான் மரபாகச் சொல்லப்படுகிறது. அவர் சைவாகமத்தைச் சான்று காட்டுகிறார், பிறர் உரையையும் சுட்டுகிறார். அவருக்கும் சார்பு இருந்தது, பல இடங்களில் வைதிகக் கண்ணோடு குறளைப் படித்தார் என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவர் மறைத்தார் என்று சொல்ல இந்த இரண்டு இடங்களும் உதவாது.

குறளுக்கு நேர்ந்திருப்பதை யோசித்துப் பாருங்கள். சமணர்கள் 'ஆதிபகவன்', 'மலர்மிசை ஏகினான்', 'அறவாழி அந்தணன்' என்ற சொற்களை எடுத்துக்கொண்டு, எழுதியவர் சமணர் என்கிறார்கள். வைணவர்கள் 'அடியளந்தான்', 'தாமரைக் கண்ணான் உலகு' என்ற இடங்களைக் காட்டுகிறார்கள். சைவர்களுக்கு 'எண்குணத்தான்'. 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப்புக்கு, மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ போதகர்களோடு வள்ளுவர் நடந்துபோவது கண்ணில் தெரிந்தது. கடவுள் வாழ்த்தே பின்னால் சேர்த்தது என்று ஒதுக்கிவிட்டுப் படிப்பவர்களும் இருக்கிறார்கள். 1,330 குறளில் சிவன் என்ற பெயரோ திருமால் என்ற பெயரோ நேராக ஒரு இடத்திலும் வரவில்லை. பெயர் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் பெயரை எழுதிக்கொள்ள முடிந்தது. எல்லோரிடமும் மேற்கோள் உண்டு, எல்லோரும் மூலத்திலிருந்துதான் காட்டுகிறார்கள். பொய் சொன்னவர் யாரும் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதில்தான் வேறுபட்டார்கள்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருவர் சார்போடு ஒரு முடிவுக்கு வந்தார் என்பதால் அந்த முடிவு பொய் ஆகிவிடாது. அப்பா பாதிப் பத்தியோடு நிறுத்தினார் என்பதால் வள்ளுவர் சைவர் அல்ல என்று நிறுவப்பட்டதாகாது. உங்கள் தோழர் தவறாகப் பேசினார் என்பதால் பகுத்தறிவு தோற்றதாகாது. ஒருவர் எப்படி நம்பினார் என்பது ஒரு கேள்வி. அவர் நம்பியது உண்மையா என்பது இன்னொன்று. இரண்டையும் கலந்துவிட்டதால்தான் உங்களுக்கு எதையுமே நம்ப முடியாமல் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்பவருக்குத் தயாராக இருக்கும் பெயர்

உங்கள் கடிதத்தில் நான் மூன்று தடவை திரும்பப் படித்த இடம் இது. அப்பா சொன்னது 'ஆணவ மலம்'. தோழர்கள் சொன்னது 'அப்பா வளர்ப்பு'. இரண்டும் ஒரே வேலையைச் செய்தன. நீங்கள் காட்டிய வரியைப் பற்றி இருவரும் பேசவில்லை. காட்டிய உங்களுக்கு என்ன கோளாறு என்று பேசினார்கள்.

இதைப் பற்றி கார்ல் பாப்பர் எழுதிய ஒரு சம்பவம் உண்டு. 1919இல் வியன்னாவில் இளைஞராக இருந்த அவர், உளவியல் மேதை ஆல்ஃபிரட் ஆட்லரிடம் ஒரு குழந்தையின் நிலையைச் சொன்னார். ஆட்லரின் தாழ்வுணர்ச்சிக் கொள்கைக்கு அது அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று பாப்பருக்குப் பட்டது. ஆனால் ஆட்லர் குழந்தையைப் பார்க்காமலேயே தன் கொள்கையின்படி விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ஆயிரம் தடவை பார்த்த அனுபவம் என்றார். இப்போது உங்கள் அனுபவம் ஆயிரத்தொன்று ஆகிவிட்டது, இல்லையா என்றார் பாப்பர். முன்பு பார்த்த ஆயிரமும் இதே மாதிரிதான் எண்ணப்பட்டிருக்கும் என்பது அவருடைய கருத்து. அந்தக் காலத்து மார்க்சியர்கள், பிராய்டியர்கள் சிலரிடமும் அவர் இதையே கண்டார். ஏற்க மறுப்பவருக்கு ஒரு தரப்பு வர்க்கச் சார்பு என்று பெயர் கொடுத்தது, மற்றது அடக்கிவைத்த மனச்சிக்கல் என்றது. மறுப்பே கொள்கைக்கு இன்னொரு சான்று ஆகிவிட்டது.

ஒரு சமயமோ சிந்தனைப் பள்ளியோ தன்னைக் கேள்வி கேட்பவருக்கு முன்கூட்டியே ஒரு நோயின் பெயரை வைத்திருந்தால், அங்கே திருத்தம் நுழைய வழி இல்லை. தனி மனிதனின் சார்பு ஒரு கூட்டத்தின் சார்பாக இறுகுவது இப்படித்தான். ஒத்த எண்ணம் உள்ளவர்கள் கூடிப் பேசினால் அந்த எண்ணம் இன்னும் தீவிரமாகும் என்பதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1969இல் மாஸ்கோவிச்சியும் சவல்லோனியும் பிரெஞ்சு மாணவர்களைக் குழுவாகப் பேசவைத்துப் பார்த்தார்கள். தங்கள் தலைவர் தகால் மேல் இருந்த மதிப்பு பேசி முடித்ததும் கூடியிருந்தது, அமெரிக்கர்கள் மேல் இருந்த கசப்பும் கூடியிருந்தது. வெளியிலிருந்து புதிய தகவல் எதுவும் தேவைப்படவில்லை. அப்பாவின் வகுப்பிலும் உங்கள் வட்டத்திலும் வாராவாரம் அதுதான் நடந்திருக்கும்.

இதைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். அப்பா மேசையில் நீங்கள் வைத்த அச்சுத்தாளும் அதே வேலையைத்தான் செய்தது. 'உறுதிப்படுத்தல் சார்பு' என்பதை அவருக்கு ஒரு நோயின் பெயராகக் கொடுத்துவிட்டீர்கள். அவர் 'மலம்' என்றார், நீங்கள் 'சார்பு' என்றீர்கள். உரையின் அந்த அடுத்த வாக்கியத்தை யாரும் சேர்ந்து படிக்கவில்லை. "இது உனக்காக எழுதியது" என்று அவர் சொன்னது கோபத்தில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அதில் பாதி சரி. அது எனக்காகவும்தான் எழுதப்பட்டது.

அப்படியானால் இந்த அறிவால் என்ன பயன்? நமக்கு நாமே பயன்படுத்தினால் பயன் உண்டு. 1979இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், மரண தண்டனையை ஆதரித்த 24 மாணவர்களுக்கும் எதிர்த்த 24 மாணவர்களுக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று ஆதரவானது, மற்றது எதிரானது. இரு தரப்பும் தங்களுக்குப் பிடித்த ஆய்வை நல்ல ஆய்வு என்றார்கள், மற்றதில் குறை கண்டுபிடித்தார்கள். முடிவில் முன்பைவிட விலகிப் போனார்கள். 1984இல் வந்த தொடர் ஆய்வுதான் உங்களுக்கு முக்கியம். நடுநிலையோடு படியுங்கள் என்று வெறுமனே அறிவுறுத்தியது பலன் தரவில்லை. 'இதே ஆய்வு எதிர் முடிவைத் தந்திருந்தால் அப்போதும் இதை இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா?' என்று கேட்டுக்கொள்ளச் சொன்னது பலன் தந்தது. இனி எந்தச் சொற்பொழிவைக் கேட்டாலும் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். எதையும் நம்பாமல் இருப்பதைவிட அது எளிது, தூக்கமும் கெடாது.

மகளின் வகுப்பு

நிறுத்துவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, நீங்கள் தாய். ஆனால் நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

தேவாரம் கற்பது முதலில் பண்ணும் தாளமும் தமிழும். அது ஒரு வாதம் இல்லை, அதை மறுத்து முடிக்க வேண்டியதும் இல்லை. வள்ளுவர் எந்தச் சமயத்தவர் என்பது வேறு வகைக் கேள்வி, அங்கே சான்று பேச வேண்டும். இந்த இரண்டையும் அப்பா கலந்திருக்கலாம், நீங்களும் கலக்க வேண்டாம். இன்னொன்று, இரண்டு மாதமாக இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வருகிற ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். அந்த வழியையும் அடைத்தால், தாத்தா தோற்றதாக அவள் நினைக்க மாட்டாள். தன் கேள்வியால்தான் எல்லாம் கெட்டது என்று நினைப்பாள். பத்து வயதில் அப்படித்தான் தோன்றும்.

தாத்தா அவளைப் பயமுறுத்தினால், உங்களைப் பற்றித் தாழ்வாகப் பேசினால், அப்போது வகுப்பை நிறுத்துங்கள், தயங்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அப்பா ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார் என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல செய்தி. நம்பிக்கையின் பெயரால் ஒருவர் சிகிச்சையைக் கைவிடுகிறார் என்றால் நான் இவ்வளவு பொறுமையாக எழுதியிருக்க மாட்டேன்.

மகளிடம் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அவளிடம் தீர்ப்புக் கேட்கவும் வேண்டாம். வேசனின் எண் விளையாட்டை அவளோடு விளையாடிப் பாருங்கள், அவளே தாத்தாவிடமும் கொண்டுபோவாள்.

அப்பாவிடம் எப்படிப் போவது

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இன்னும் வலுவான சான்றுகளோடு வாதிடலாம். ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு நடந்ததுதான் நடக்கும். பேசாமலே விட்டுவிடலாம். 71 வயது என்பதை மறக்க வேண்டாம், மௌனத்துக்கு நீளம் அதிகம் இருக்காது. மூன்றாவது வழி அவருடைய மரபுக்குள்ளேயே இருக்கிறது. நான் அதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

பதிமூன்றாம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரை அப்பா நிச்சயம் பாடம் சொல்லியிருப்பார். அதில் பரபக்கம் என்ற முதல் பகுதி பதினான்கு எதிர்த்தரப்புகளை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர்கள் மதம், பிறகு மறுதலை. தொடக்கமே உலகாயதன் மதம்தான், கடவுளையும் மறுபிறப்பையும் மறுப்பவனுடைய வாதம். உங்கள் முன்னோர்களில் ஒருவன், உங்கள் அப்பாவின் நூலில் உட்கார்ந்திருக்கிறான். "அப்பா, உலகாயதன் மதம் மட்டும் எனக்குப் பாடம் சொல்லுங்கள். மறுதலைக்கு உடனே போக வேண்டாம். அவன் என்ன சொல்கிறான் என்று முழுசாகக் கேட்கணும்" என்று கேளுங்கள். தமிழாசிரியராக இருந்தவர் பாடம் சொல்ல மறுப்பது கடினம்.

கவனமும் வேண்டும். எதிரியின் வாயால் கேட்கும் வாதம் முழு வாதமாக இருக்காது. குண்டலகேசி என்ற பௌத்த காப்பியம் இன்று நமக்கு முழுதாக இல்லை, 19 பாட்டுகள்தான் மிச்சம். அதன் வாதம் என்னவென்று அறிய, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியையும் அதன் உரையையும்தான் நாட வேண்டியிருக்கிறது. தோற்றவர் தரப்பை வென்றவர் சொல்லிக் கேட்கிறோம். இருந்தாலும் எதிர்த்தரப்பை எழுதிவைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கு நம் மரபில் இருந்திருக்கிறது. உங்கள் வாசிப்பு வட்டம் அந்த ஒழுங்கைக் கைவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

பதிலுக்கு நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது என்பதை, மறுப்போ கிண்டலோ இல்லாமல், "ஆமாம், இதைத்தான் நான் சொல்கிறேன்" என்று அப்பா தலையாட்டும் அளவுக்கு உங்கள் வாயால் சொல்லிக்காட்டுங்கள். நீங்கள் அவருடைய பக்கம் வந்துவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை. அவர் பேசுவது காதில் விழுகிறது என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். முதல் நாளிலேயே இது நடக்காது. மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும், கருத்துக்காக அல்ல, அந்தக் காகிதத்தைப் பேசாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனதற்காக.

வாசிப்பு வட்டத்தைப் பற்றி: திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்காதீர்கள். கணவர் இன்னும் அங்கே இருக்கிறார் என்கிறீர்கள், அவரை வெளியே வரச் சொல்லியும் வற்புறுத்த வேண்டாம். பதினைந்து வருடத்தில் தனியாகப் பேசக்கூடிய ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, அந்த இரண்டு குறளின் உரையைக் கடைசி வரி வரை சேர்ந்து படியுங்கள். வேறு மாதிரி நினைக்கிறவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நல்லதே நடக்கிறது. வேசனின் இன்னொரு புதிரான அட்டைப் புதிரை வைத்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், தனியாக முயன்றவர்களில் பத்தில் ஒருவர்கூடத் தேறவில்லை. கூடிப் பேசிய குழுக்களில் நான்கில் மூன்று சரியாக முடித்தன.

இனி மகள் கேட்ட கேள்வி. அவளுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. தாத்தா ஒரு பெயரைச் சொன்னார், நீங்கள் 'எந்தச் சாமியும் இல்லை' என்றீர்கள். "வள்ளுவர் பெயர் சொல்லவில்லை, கண்ணு. எட்டுக் குணம் உள்ளவர் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த எட்டு என்னென்ன என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். வா, மூன்றையும் பார்க்கலாம்" என்று சொல்லி, பரிமேலழகர் உரையை எடுத்துக்கொண்டு அவளைத் தாத்தா வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். இந்தத் தடவை வாசலில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம், நீங்களும் உள்ளே போய் உட்காருங்கள்.